ராக்காயிக்கு வரவேண்டிய கூப்பாடு

நான் அழகனுக்கு ஐயாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தேன்.

அந்த ஒன்றைத் தவிர, இந்த எழுபத்தொரு வயதில் நான் யாருக்கும் ஒரு சதம் பாக்கி வைத்தவன் இல்லை. வங்கிக்காரர் கடை தேடி வந்து, கடன் எடுங்கள் முதலாளி என்று கேட்டபோதும் பால் இல்லாத சாயத் தண்ணி கொடுத்துத் திருப்பி அனுப்பியவன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்று அக்கரப்பத்தனை பஜாரில் ஆண்டியப்பன் ஹார்ட்வெயார் என்றால் டயகமவின் கடைசி லயம் வரைக்கும் தெரியும். இந்தப் பக்கத்துக் கூரைகளில் பாதி என் கையால் விற்ற தகரம். பெருமைக்குத்தான் சொல்கிறேன். பெருமைப்பட வேண்டிய விஷயம்.

ஆனால் இது என் கதை இல்லை. அழகனின் பெண்சாதி ராக்காயியின் கதை. அந்த ஐயாயிரத்தை வாங்கிக்கொள்ளாமல் இருபது வருடத்துக்கு மேல் என்னைக் கடன்காரனாகவே நிறுத்தி வைத்தவள் அவள்.

ராக்காயி எங்கள் தேயிலைத் தோட்டத்து மேற்கணக்கில், அதாவது மேல் பிரிவில், பிறந்தவள். அங்கேயே வேலைக்குப் பேர் பதிந்தாள், அங்கேயே கொழுந்து எடுத்தாள், அங்கேயே கல்யாணம். ஆள் கட்டையாக இருப்பாள். வாய் மட்டும் ஏழு மலைக்குக் கேட்கும். ஒரு மழை நாள் கணக்கப்பிள்ளை, கொழுந்து ஈரம் என்று சொல்லி எல்லாருக்கும் இரண்டு கிலோ கழித்துக்கொண்டிருந்தார். ராக்காயி தன் முறை வந்ததும் அவருடைய குடையை எடுத்துத் தராசுக் கொக்கியில் மாட்டினாள். "இதுவும் நனைஞ்சிருக்குங்கய்யா. ரெண்டு கிலோ கழிச்சிப்புட்டு, பாக்கி குடையை வீட்டுக்குக் கொண்டு போங்க" என்றாள். மலையே சிரித்தது. அதற்குப் பிறகு அந்த மனுசன் அவள் கூடையில் மட்டும் ஒரு கிலோவுக்கு மேல் கழித்ததில்லை.

அழகன் அதற்கு நேர் மாறு. பேரில்தான் அழகு, முகமெல்லாம் அம்மைத் தழும்பு. பேசினால் காசு செலவாகும் என்பது போல இருப்பார். வேலை விட்டால் மாடு. செவலை என்று ஒரு பசு வைத்திருந்தார். லயத்துக்கு மேலே, தேயிலை முடிகிற இடத்திலிருந்து ஒற்றையடிப் பாதையில் ஏறினால் பெரிய புல்வெளி ஒன்று வரும். மேசை போட்டது போல மட்டமாக, ஒரு மரம் இல்லாமல், கண்ணுக்கு எட்டிய தூரம் புல். அங்கேதான் செவலையைக் கட்டுவார். சாயங்காலம் அவிழ்த்துக்கொண்டு வரும்போது லயத்து முனையில் நின்று "ராக்கு" என்று ஒரு குரல் கொடுப்பார். மாட்டுக்குக் கழுநீர் எடுத்து வை என்று அர்த்தம். ராக்கு என்று அவளைக் கூப்பிட்டவர் உலகத்தில் அவர் ஒருவர்தான். நாங்கள் யாராவது கூப்பிட்டால் பல்லைப் பேர்த்துவிடுவாள்.

நான் அப்போது பஜார் ஓரத்தில் சாக்கு விரித்து ஆணி விற்றுக்கொண்டிருந்தேன். ஹட்டன் பக்கம் ஒரு பழைய தொழிற்சாலையை உடைத்தார்கள்; தகரம் மலிவாகப் போகிறது என்று கேள்வி. கையில் காசு இல்லை. அழகன் கன்று ஒன்றை விற்றிருந்தார். கேட்டேன். மாட்டுக் கொட்டிலில் நிற்க வைத்து என் கையில் நூறு நூறு ரூபாய்த் தாளாக எண்ணி வைத்தார். "சித்திரைக்குக் குடுத்துருங்க மச்சான். சர்மிளாவுக்குச் சட்டை எடுக்கணும்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. சாட்சி இல்லை, கையெழுத்து இல்லை. அந்த ஒரு லொறித் தகரத்தில் எழும்பினதுதான் என் கடை. அது என் சாமர்த்தியம். ஆனால் முதல் காசு அவருடையது.

சித்திரைக்கு நான் காசைத் தயாராக வைத்திருந்தேன். சொன்ன நாளுக்கு ஒரு நாள் பிந்தாதவன் நான். வருசப் பிறப்புக்கு முந்தின நாள் மேலே போவதாக இருந்தேன். அதற்குள் காற்று வந்துவிட்டது.

இங்கே காற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். வெளியூர்க்காரர்கள் ஆடிக் காற்றைப் பார்த்துப் பயப்படுவார்கள். ஆடிக் காற்று நம்முடைய ஆள். பக்கவாட்டில் வரும், நாள் கணக்கில் அடிக்கும், எந்தப் பக்கம் வருமென்று தெரியும். சித்திரை வெயிலில் மத்தியானம் கட்டுகிற இடிமேகம் வேறு சாதி. அது அந்தப் புல்வெளி மேல்தான் கட்டும். முதலில் ஒரு இலை ஆடாது. பிறகு அந்த மேகம் வானத்திலிருந்து காற்றைக் கொட்டும். கூடையைக் கவிழ்ப்பது போலக் கீழ் நோக்கிக் கொட்டும். புல்வெளியில் விழுந்து, பரவி, தேயிலை மலையில் இறங்கி லயத்து மேல் வந்து மோதும். கால் மணி நேரத்தில் போய்விடும். போகும்போது எதையாவது எடுத்துக்கொண்டுதான் போகும்.

லயம் என்பது குடும்பத்துக்கு ஒன்றாகப் பத்துக் காம்பரா, ஒரே கூரை. நடுச் சுவர் கூரை வரைக்கும் போகாது. ஒரு வீட்டு இருமல் பத்தாவது வீட்டுக்குக் கேட்கும். அவரவர் வீட்டுக்கு மேலே கல்லோ பழைய டயரோ வைத்துத் தகரத்தை அமுக்கி வைப்பார்கள். ஆனால் காற்று வருகிற பக்கத்துத் தொங்கல் காம்பரா, அதாவது கோடி வீடு, அதன் கதவுதான் முக்கியம். காற்று அடிக்கும்போது அதைத் திறந்தால் காற்று உள்ளே புகுந்து அடியிலிருந்து தகரத்தைத் தூக்கும். ஒரு தகரம் கிளம்பினால் பத்துக் காம்பராவும் கிளம்பும். ஆகவே எங்கள் லயத்தில் எழுதாத சட்டம்: காற்றுக்குள் தொங்கல் கதவு திறக்கக்கூடாது. அந்தத் தொங்கல் காம்பராவில் இருந்தவள் ராக்காயி.

இன்னொரு பழக்கமும் எங்கள் ஆட்களிடம் உண்டு. இருட்டிலோ காற்றிலோ யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் முதல் கூப்பாட்டுக்கு வாய் திறக்கமாட்டோம். இரண்டாவதற்கும் மாட்டோம். மூன்றாவது தரம் கூப்பிட்டால்தான் மனிதன். மற்றது இரண்டோடு நின்றுவிடும்.

அன்றைக்குப் பின்நேரம் மேகம் கறுப்பதைப் பார்த்து அழகன் செவலையை அவிழ்க்க மேலே போனார். உரப்பையை மடித்துத் தலையில் முக்காடு போலக் கொங்காணி போட்டுக்கொண்டு போனார். அவர் போய்ச் சேர்ந்திருக்கும் நேரத்துக்குக் காற்று விழுந்தது. ராக்காயி கதவுக்குத் தாழ் போட்டு, மகள் சர்மிளாவை அடுப்பு மூலையில் உட்கார வைத்துவிட்டு, கதவில் முதுகைக் கொடுத்து நின்றாள். தகரம் எல்லாம் ஓலமிடுகிறது. அப்போது கதவுக்கு அந்தப் பக்கம், ஒரு சாண் தூரத்தில், "ராக்கு" என்று கேட்டது.

அவள் கை தாழ்ப்பாளுக்குப் போனது. அடுத்த காம்பராவிலிருந்து மீனம்மா சுவருக்கு மேலால் கத்தினாளாம். "தெறந்துராத ராக்காயி, புள்ளைங்க கெடக்கு, கூரை போயிரும்." மீனம்மாவுக்குக் கைக்குழந்தை. அந்த லயத்தில் அன்றைக்கு எல்லா வீட்டிலும் பிள்ளைகள்.

"ராக்கு" என்று இரண்டாந்தரம் கேட்டது.

அவள் மூன்றாவதற்காகக் காத்து நின்றாள். கூப்பிடட்டும், திறந்துவிடுகிறேன், கூரை போனால் போகட்டும் என்று தாழ்ப்பாளைப் பிடித்தபடி நின்றாள். மூன்றாவது வரவில்லை. காற்று நின்றது.

கதவைத் திறந்தபோது வாசலில் செவலை நின்றது. தொப்பலாக நனைந்து, கண் பிதுங்கி, ஆள் இல்லாமல். கழுத்துக் கயிறு தரையில் கிடந்தது. மீனம்மாதான் கயிற்றை எடுத்தாள். கயிறு முழுக்கத் தண்ணீர் சொட்டுகிறது. நுனியில் ஒரு பிடி நீளம் மட்டும் காய்ந்து, கதகதவென்று இருந்ததாம். அதுவரைக்கும் ஒரு கை பிடித்திருந்தது போல. மீனம்மா பொய் சொல்கிற பெண் இல்லை. அதற்குப் பிறகு அவள் அந்தக் கயிற்றைத் தொடவே இல்லை.

தோட்டமே திரண்டு தேடியது. பொலிஸ் வந்தது. நானும் இரண்டு நாள் கடையைப் பூட்டிவிட்டுத் தேடினேன். புல்வெளியில் புல் எல்லாம் ஒரே பக்கமாகச் சீவி விட்டது போலப் படிந்து கிடந்தது. உரப்பை ஒரு முட்புதரில் மாட்டியிருந்தது. அந்தப் பக்கத்து ஓரத்தில் பெரிய பள்ளம். அதற்குள் விழுந்திருப்பார் என்றார்கள். உடம்பு கிடைக்கவில்லை. அவர் லயத்துக்கு வந்திருக்கவே முடியாது, அந்த நேரத்தில் அவ்வளவு தூரம் மனிதன் இறங்க மாட்டான் என்றும் சொன்னார்கள். மாடு மட்டும் எப்படி இறங்கியது என்று ராக்காயி கேட்டாள்.

கருமாதிக்குரிய நாள் கழிந்ததும் நான் காசோடு போனேன். துக்க வீட்டுக்குக் காசு கொண்டு போனவன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்களில் வழக்கம் இருக்கிறது: கொடுத்தவன் செத்துப்போனால் கருமாதி முடிந்ததும் அவன் வீட்டாள் கையில் எண்ணி வைக்கவேண்டும். கை நீட்டி வாங்கிவிட்டால் அவன் கணக்கு முடிந்தது. பிறகு அவன் வரமாட்டான்.

ராக்காயி நெற்றிப் பொட்டோடு இருந்தாள். தாலி கழுத்தில் இருந்தது. கருமாதி என்ற பேச்சை எடுத்த சொந்தக்காரர்களை விளக்குமாற்றைக் காட்டித் துரத்தியிருந்தாள். நான் காசை நீட்டினேன். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"ரெண்டு கூப்பாடு ஆயிருச்சுண்ணே. மூணாவது பாக்கி. அவரு எனக்கு ஒரு கூப்பாடு தரணும். நீங்க அவருக்குக் காசு தரணும். அவரு வந்து அதைக் குடுத்துட்டு, இதை வாங்கிக்கிடட்டும்."

நான் எவ்வளவோ பேசிப் பார்த்தேன். ஹட்டன் மொத்த வியாபாரிகளையே பேச்சில் மடக்கியவன் நான். அவளிடம் ஒன்றும் நடக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சித்திரைக்கும் போனேன். கடை வளர்ந்தது, மாடி ஏறியது, பிள்ளைகள் கனடா போனார்கள். கடன் அப்படியே நின்றது. ஒரு வருடம் ஐயாயிரம் ரூபாய்த் தாள் ஒன்றைக் கொண்டு போனேன். அவர் நூறாகத்தான் கொடுத்தார், இதில் எண்ணுவதற்கு என்ன இருக்கிறது என்று சிரித்தாள். அடுத்த வருடத்திலிருந்து நூறு ரூபாய்த் தாளாகவே மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு போனேன். வட்டியாக ஒரு லட்சம் தருகிறேன் என்று ஒரு தரம் சொன்னேன். "கன்னுக்குட்டி வித்த காசுண்ணே அது. அது குட்டி போடாது" என்றாள். காற்றில் கூரை போன வருடங்களில் என் கடையில் கூட்டம் நிற்கும். அப்போதெல்லாம் என்னைப் பார்த்தால், "உங்களுக்கென்னாண்ணே, காத்துதான் உங்க கமிஷன் ஏஜெண்டு" என்பாள்.

பால் விற்றாள், கொழுந்து எடுத்தாள், சர்மிளாவைப் படிக்க வைத்தாள். சர்மிளா கொழும்பில் ஒரு மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். மற்ற நாளெல்லாம் ராக்காயி எல்லாரையும் போலத்தான். சிரிப்பாள், சண்டை பிடிப்பாள், கோயில் திருவிழாவில் முன்னுக்கு நிற்பாள். சித்திரையில் மேகம் கட்டினால் மட்டும் வேறு ஆளாகிவிடுவாள். மலையில் நின்றாலும் கூடையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடுவாள். கதவுக்குத் தாழ் போட்டு, தாழ்ப்பாளில் கை வைத்து, காற்று முடியும்வரை நிற்பாள். அரைச் சம்பளம் போகும். அவள் கவலைப்பட்டதில்லை. செவலையின் கயிறு கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. செவலை செத்துப் பத்து வருடமாகியும் தொங்கியது.

லயத்துக்குப் பின்னால் மலையில் வெடிப்பு விட்டது. மண் சரியும், இங்கே இருக்கக்கூடாது என்று அதிகாரிகள் எழுதி ஒட்டினார்கள். கீழே தனி வீடுகள் கட்டினார்கள். ஒவ்வொரு குடும்பமாகப் போனது. மீனம்மாவும் போனாள். ஒன்பது காம்பராவுக்கும் பூட்டு விழுந்தது. ராக்காயிக்கும் ஒரு வீடு எழுதியிருந்தார்கள், சாவியும் கொடுத்தார்கள். அவள் சாவியைச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுத் தொங்கல் காம்பராவிலேயே இருந்தாள். அவர் வந்தால் இந்தக் கதவுக்குத்தானே வருவார் என்றாள்.

போன சித்திரைக்கு முன்னால் சர்மிளா எனக்கு டெலிபோன் எடுத்தாள். வருசப் பிறப்புக்குள் குடியேறாவிட்டால் வீட்டை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிடுவார்களாம். "அம்மா அந்த மண்ணுக்கடியிலதான் போவாங்க மாமா. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று அழுதாள்.

நான் மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். இந்த முறை இரண்டில் ஒன்று முடிக்காமல் இறங்குவதில்லை என்று நினைத்துக்கொண்டேன். எனக்கும் வயதாகிறது. இதயத்தில் கம்பி வைத்திருக்கிறார்கள். கடன்காரனாகக் கட்டையில் போக எனக்குச் சம்மதமில்லை.

ஆட்டோக்கார விஜிதரன் என்னை லயத்து முனையில் இறக்கினான். வானத்தைப் பார்த்தான். நிற்கமாட்டேன் முதலாளி, விடிந்ததும் வந்து ஏற்றுகிறேன் என்று சொல்லிக் காசு கூட வாங்காமல் திருப்பினான். மத்தியானம் தாண்டி இரண்டு மணி இருக்கும். நல்ல வெயில். ஆனால் வெயிலின் நிறம் சரியில்லை. மஞ்சள் தண்ணீரை ஊற்றியது போல எல்லாவற்றின் மேலும் ஒரு மஞ்சள். மேலே புல்வெளிப் பக்கம் மேகம் மலைக்கு மேல் இன்னொரு மலையாக நின்றது. அதன் அடிவயிறு மட்டும் மெதுவாக உருண்டுகொண்டிருந்தது. ஒரு காக்கை இல்லை. பூட்டிய ஒன்பது கதவுகளையும் தாண்டி நடந்தேன். என் செருப்புச் சத்தம் எனக்கு முன்னாலும் கேட்டது, பின்னாலும் கேட்டது.

ராக்காயி வாசலிலேயே நின்றாள். தலை முழுக்க நரைத்திருந்தது. பொட்டு பெரிதாக இருந்தது. வாங்கண்ணே, உள்ளே வாங்க, நேரம் இல்லை என்றாள். நான் நுழைந்ததும் தாழ் போட்டாள். ஜன்னல் பலகையையும் மூடினாள். சாயத் தண்ணி கொடுத்தாள். அவள் நின்றுகொண்டே குடித்தாள்.

நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். வீடு போய்விடும் என்றேன். மகள் அழுகிறாள் என்றேன். அழகன் மச்சான் உயிரோடு இருந்தால் இத்தனை வருடம் எங்கே இருப்பார் என்று கேட்டேன். அவள் கோபப்படவில்லை. நான் சொல்வதை ஒரு காதாலும், வெளியே ஒரு காதாலும் கேட்டுக்கொண்டு தாழ்ப்பாளில் கை வைத்து நின்றாள்.

"அவரு செத்துட்டாருன்னு எனக்குத் தெரியாதாண்ணே?" என்றாள். "அன்னைக்கே தெரியும். ஆனா கதவுக்கு வந்துட்டாரு. வந்த மனுசனை நான் தெறக்காம நிப்பாட்டி வச்சிருக்கேன். அவரு அங்கனதான் நிக்கிறாரு. நான் காசை வாங்கிட்டு வேற வீட்டுக்குப் போயிட்டா, அவரு யாரு கதவைத் தட்டுவாரு?"

முதுகில் ஒரு குளிர் ஏறியது. அது பயம் இல்லை. நிஜமாகவே குளிர்ந்தது, கதவிடுக்கால் குளிர்காற்று ஒன்று தரையோடு தரையாக ஊர்ந்து வந்து கணுக்காலைத் தொட்டது. ஜன்னல் பலகையின் ஓட்டையால் பார்த்தேன். தேயிலை மலையில் நிற்கும், நாங்கள் சவுக்கு என்று சொல்லும் சில்வர் ஓக் மரங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் இலையின் வெள்ளை அடியைக் காட்டின. மலையே நரைத்தது போல இருந்தது. அவ்வளவு காற்று அங்கே அடிக்கிறது, இங்கே இன்னும் சத்தமே இல்லை.

பிறகு விழுந்தது.

இருபது வருடத்துக்கு மேல் தகரத்தோடு பிழைத்தவன் நான். தகரம் காற்றில் போடும் சத்தம் எனக்கு என் பிள்ளைகள் குரல் மாதிரி. ஆணி கழன்ற தகரம் படபடக்கும். வாஷர் போன தகரம் விசில் அடிக்கும். துருப்பிடித்த தகரம் கொக்கியில் உராய்ந்தால் குழந்தை அழுவது போல இருக்கும். அன்றைக்கு அத்தனையும் கேட்டேன். ஒவ்வொன்றும் எது என்று எனக்குள் பேர் சொல்லிக்கொண்டே இருந்தேன். பூட்டிய ஒன்பது காம்பராவுக்குள்ளும் காற்று நடந்து திரிந்தது. ஆள் இல்லாத வீடுகளில் சட்டி உருண்டது. நடுச் சுவருக்கு மேலால் தூசி வந்து விழுந்தது.

அந்தச் சத்தங்களுக்குள் "ராக்கு" என்று கேட்டது.

நான் ராக்காயியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

காற்று இன்னும் ஒரு அடி அடித்தது. கூரை முழுவதும் மூச்சு வாங்குவது போல எழும்பி இறங்கியது. "ராக்கு."

தகரம்தான் என்று நினைத்தேன். எந்தத் தகரம் என்று தேடினேன். கிடைக்கவில்லை. அவள் கை தாழ்ப்பாளை இறுக்கிப் பிடித்திருந்தது. இதற்கு முன் இத்தனை வருடத்தில் எத்தனை தரம் இப்படிக் கேட்டது என்று பிறகு கேட்டேன். ஒரு தரமும் இல்லை என்றாள். வெறும் காற்றுக்குத்தான் அவள் அத்தனை வருடமும் நின்றிருக்கிறாள்.

காற்று நின்றது. குறையவில்லை, அறுத்துவிட்டது போல நின்றது. ஒரு தகரம் அசையவில்லை. என் காதுக்குள் ரத்தம் ஓடுவது எனக்குக் கேட்டது. அந்த மௌனத்தில், கத்தாமல், சாயங்காலம் மாடு கட்ட வருகிற மனுசன் சொல்வது போல, கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு குரல்.

"ராக்கு."

அது தகரம் இல்லை. நான் சொல்கிறேன், அது தகரம் இல்லை. பிறகு விழுந்து கிடந்த தகரங்களை ஆள் வைத்து ஒவ்வொன்றாகத் தூக்கி, தட்டி, உரசிக் கேட்டேன். ஒன்றுகூட அந்தக் குரலில் பேசவில்லை.

"இந்தா வந்துட்டேங்க" என்று ராக்காயி தாழ்ப்பாளை இழுத்தாள்.

திறக்காதே என்று கத்த எனக்கு வாய் வந்தது. யாருக்காக? ஒன்பது காம்பராவும் காலி. கூரைக்குக் கீழே பிள்ளைகள் இல்லை. அவள் கதவை அகலத் திறந்தாள்.

காற்றின் மறுபாதி அப்போதுதான் வந்தது. நேராக உள்ளே நுழைந்தது. கதவுப் பலகை சுவரில் மோதியது. என் காது அடைத்தது. தலைக்கு மேல் வெளிச்சம் வந்தது. முதல் தகரம் எழும்பியது, அதன் பின்னால் அடுத்தது, அடுத்தது. சீட்டுக்கட்டைப் புரட்டுவது போலத் தொங்கலிலிருந்து தொங்கல் வரைக்கும் ஓடிக்கொண்டே போனது. கல்லும் டயரும் உருண்டன. அதில் நாலு காம்பராத் தகரம் நான் விற்றது. அவைதான் கடைசியாகப் போயின என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் அடுப்பு மூலையில் குந்தி, மஞ்சள் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன். அண்ணாந்து பார்த்தால் மரச்சட்டங்களுக்கு மேலே வானம். ஆலங்கட்டி விழத் தொடங்கியது.

ராக்காயி வாசற்படியில் நின்றாள். அத்தனை காற்றுக்கும் அவள் சேலைத் தலைப்பு மட்டும் ஆடவில்லை. அல்லது ஆடியதோ, எனக்குத் தெரியவில்லை. எதிரே யாரோ நிற்பது போல, முகத்துக்கு நேராகப் பார்த்து, குரலைத் தாழ்த்திப் பேசினாள். என்ன பேசினாள் என்று எனக்குக் கேட்கவில்லை. அதைக் கேட்க எனக்கு உரிமையும் இல்லை. ஆணியில் தொங்கிய கயிற்றை எடுத்தாள். நீட்டினாள். கயிறு அவள் கையிலிருந்து போனது. காற்றுத்தான் எடுத்தது.

கடைசியாகச் சொன்னது மட்டும் கேட்டது. காற்று தளர்ந்துவிட்டிருந்தது.

"போங்க" என்றாள்.

எங்களில் யாரும் யாரையும் அப்படி அனுப்பமாட்டோம். போயிட்டு வாங்க என்றுதான் சொல்வோம். பக்கத்துக் கடைக்குப் போகிறவனுக்கும் அதுதான். வெறும் போங்க என்பது சுடுகாட்டு வாசலோடு சரி. அவள் அதை ஒரு தரந்தான் சொன்னாள்.

ஆலங்கட்டியும் நின்றது. நான் எழுந்து வாசலுக்கு வந்தேன். வாசல் திண்ணையில், இஸ்தோப்பில், வெள்ளை வெள்ளையாய் ஆலங்கட்டி உருண்டு கிடந்தது. காலடி ஒன்றும் இல்லை. நன்றாகப் பார்த்தேன். கீழே தேயிலைச் செடிகளின் மேல் தகரங்கள் கைக்குட்டை காயப் போட்டது போலக் கிடந்தன. மேகம் கினிகத்தேனைப் பக்கமாக நகர்ந்து, அங்கே மின்னிக்கொண்டிருந்தது. மேலே புல்வெளியின் விளிம்பில் ஒரு கீற்று வெளிச்சம். வானம் கழுவிவிட்டது போல இருந்தது.

ராக்காயி உள்ளே போனாள். சாமிப் படம் சுவரிலிருந்து விழுந்து கிடந்தது. அதைத் துடைத்து எடுத்தாள். சாவியைத் தேடி எடுத்து முந்தானையில் முடிந்தாள். பிறகு கூரை இல்லாத காம்பராவின் நடுவில் நின்று, நனைந்த நெற்றியை மணிக்கட்டால் துடைத்தாள். பொட்டு அழிந்தது. அழித்தாளா, மழையில் அழிந்ததா என்று நான் கேட்கவில்லை.

"என்னாண்ணே, கடன்காரரு சும்மா நிக்கிறீங்க" என்றாள். "எண்ணுங்க."

"வட்டியும் கொண்டாந்திருக்கேன் தங்கச்சி."

"அசலை எண்ணுங்க."

வலது கையை நீட்டினாள். கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த கை. ரேகையெல்லாம் வெடிப்பு. உள்ளங்கை நடுவில் தாழ்ப்பாள் பதிந்த தழும்பு சிவப்பாக இருந்தது. நான் மஞ்சள் பையைப் பிரித்தேன். மேல் தாள்கள் நனைந்து ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றாக ஊதிப் பிரிக்க வேண்டியிருந்தது. மாட்டுக் கொட்டிலில் அழகன் எண்ணியது போல, சத்தமாக, அவசரமில்லாமல் எண்ணினேன். இருபது என்றபோது மேலே ஒரு தரம் இடி உருண்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நாற்பதைத் தாண்டியதும் தாள்கள் சரியப் பார்த்தன. பெருவிரலால் அமுக்கிக்கொண்டாள்.

நாற்பத்தொன்பது என்றேன். கடைசித் தாளை அவள் கையில் வைத்து, ஐம்பது என்றேன்.